பற்றீரியங்களின் பெயர்க்குழப்பமும் மாதிரிக் குலவகையும்

உலகத்துப் பொருள்களை வேறுபடுத்தி அறிதற்கும், அறிந்ததைப் பிறர்க்கு உணர்த்துதற்கும் மக்கள் கண்ட கருவிகளுள் பெயர் தலையாயது. ஒரு பெயர் ஒரு பொருளையே சுட்டுதல் வேண்டும். ஒரு பொருளுக்கு ஒரு பெயரே வழங்குதல் வேண்டும். இவ்விரண்டும் நிலைபெற்றவிடத்து அறிவு தடையின்றிக் கைமாறும். இவற்றுள் ஒன்று பிழைப்பினும், ஒருவர் கூறியது ஒன்றாகவும் மற்றவர் கொண்டது வேறொன்றாகவும் முடியும். செய்யுளில் இத்தகைய மயக்கம் சிலேடையாய் நின்று சுவை பயப்பதுண்டு. வைத்தியசாலையிலோ அஃது உயிருக்கே இடராய் முடியலாம்.

கண்ணுக்குப் புலனாகும் உயிர்களிடத்து இவ்விடர் பெரிதன்று. பனையைத் தென்னையென மயங்குவார் இலர். பற்றீரியங்களின் நிலை வேறு. அவை ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஓரிரு பங்கு அளவின. நெருப்புக்காய்ச்சலை விளைக்கும் பற்றீரியமும், மனிதர் குடலில் ஊறின்றி வாழும் பற்றீரியமும் நுணுக்குக்காட்டியில் ஒரே தன்மையவான சிறு கோல்களாகவே தோன்றும். உருவம் கொண்டு உணரமுடியாத இவ்வுயிர்களை அவற்றின் செயல், இரசாயன இயல்பு, பாரம்பரியப் பொருள் ஆகியவை கொண்டே பிரித்தறிதல் வேண்டியிருக்கின்றது. ஆராயும் முறை மாறுந்தோறும் பாகுபாடும் மாறும். பாகுபாடு மாறுந்தோறும் பெயரும் அசைவுறும். அவ்வசைவிடையே பெயர்களை நிலைநிறுத்துதற்கு விஞ்ஞானிகள் வகுத்த முறை யாது, அம்முறை எங்கே உறுதியாய் நின்றது, எங்கே வளைந்து கொடுத்தது என்பனவே ஈண்டு ஆராயப்படுவன.

காரணமும் இடுகுறியும்

பெயர்களை இடுகுறி, காரணம் என இருவகைப்படுத்துவர் நன்னூலார். மரம் என்பது இடுகுறி. பறத்தலால் வந்த பறவை என்பது காரணம். உயிரியலில் வழங்கும் இலத்தீன் பெயர்கள் பெரும்பாலும் காரணப்பெயர்களாகவே தோன்றின. அவை இரு சொல்லால் ஆயவை. முதற்சொல் சாதியையும், இரண்டாஞ்சொல் அச்சாதியுள் அடங்கிய இனத்தையும் சுட்டும். இரண்டாஞ்சொல் பெரும்பாலும் நிறத்தையோ, உருவத்தையோ, வாழிடத்தையோ, விளைக்கும் நோயையோ குறித்து வரும்.

ஆயின் பெயரிட்டவர் கண்ட காரணம் பிற்காலத்திற் பொய்யெனத் தெரியின் அப்பெயரை என் செய்வது? அமெரிக்க விலங்கு வைத்தியராகிய தானியேல் சல்மன் என்பாரின் ஆய்வகத்தில் 1885 ஆம் ஆண்டிலே, தியோபால்டு சிமித்து என்பார் நோயுற்ற பன்றிகளிலிருந்து ஒரு பற்றீரியத்தைப் பிரித்தெடுத்தார். 'பன்றிக் கொலரா' என்னும் கொடுநோய்க்கு அதுவே காரணம் எனக் கருதினர். அதனால் 'பன்றியின் கொலரா' எனப் பொருள்படும் 'கொலரேசூயிஸ்' என்னும் இனப்பெயர் அதற்கு அமைந்தது. 1900 ஆம் ஆண்டில் லின்னியேர் என்னும் அறிஞர் சல்மனைச் சிறப்பிக்குமுகமாகச் 'சல்மனெல்லா' என்னும் சாதிப்பெயரை வகுத்தார். சில ஆண்டுகளுள், பன்றிக் கொலராவை விளைப்பது பற்றீரியமன்று, வைரசு எனத் தெளிவாயிற்று. நோயுற்ற பன்றியிடத்து வந்து சேர்ந்த பற்றீரியமே நோய்முதல் எனப் பிறழ உணரப்பட்டது. காரணம் அழிந்தது, பெயர் நின்றது. 1892 ஆம் ஆண்டில் இன்புளுவென்சாக் காய்ச்சலுக்குக் காரணம் எனக் கருதப்பட்ட பற்றீரியம் ஒன்று இன்றும் 'ஈமோபிலஸ் இன்புளுவென்சே' என்றே வழங்குகின்றது. அக்காய்ச்சலும் வைரசால் வருவதென்பது 1933 ஆம் ஆண்டில் நிலைநாட்டப்பட்டது.

இதனை மடமையெனக் கொள்ளுதல் தகாது. ஒரு பெயரின் முதற்கடமை பொருளைச் சுட்டுதலே. அதன் இயல்பையோ வரலாற்றையோ விளக்குதல் அன்று. பற்றீரியங்களின் பெயரீட்டுக்கான சர்வதேச விதிக்கோவை இதனை ஓர் அடிப்படைக் கொள்கையாகவே கூறுகின்றது. காரணப்பெயராய்ப் பிறந்தது வழக்கில் இடுகுறியாய் நின்று தொழிற்படுகின்றது எனலாம். காரணம் திருந்துந்தோறும் பெயரைத் திருத்தப் புகின், நூல்கள் யாவும் பத்தாண்டுக்கு ஒருமுறை பயனற்றுப் போகும்.

மாதிரி என்பது யாது

பெயர் பொருளின் இயல்பைப் பற்றி நில்லாதெனின் எதனைப் பற்றி நிற்கும்? இவ்வினாவுக்கு விடையாய் அமைந்ததே 'மாதிரி' என்னும் கோட்பாடு. தாவரவியலார் ஒரு புதிய செடிக்குப் பெயரிடும்போது, அச்செடியின் ஒரு கிளையை உலர்த்தித் தாளில் ஒட்டிச் சேகரத்தில் வைப்பர். பெயர் நிலையாக இணைக்கப்படுவது அவ்வுலர்ந்த மாதிரியோடேயாம். விலங்கியலார் தோலையோ எலும்பையோ நூதனசாலையில் வைப்பர். பற்றீரியத்தை உலர்த்தி ஒட்டிவைத்துப் பயனில்லை; அதன் இயல்புகள் உயிரோடு இருக்கும்போதே ஆராயத்தக்கன. ஆதலின் பற்றீரியவியலில் மாதிரி என்பது பெரும்பாலும் உயிருள்ள வளர்ப்பாகவே அமைகின்றது.

தூய வளர்ப்பொன்றிலிருந்து பெறப்பட்டு வழிவழியாகப் பேணப்படும் ஒரு பற்றீரியக் கூட்டத்தைக் குலவகை எனலாம். ஓர் இனத்தின் பெயரைத் தாங்குதற்கெனக் குறிக்கப்பட்ட குலவகையே அவ்வினத்தின் மாதிரிக் குலவகை. அதனை உறையவைத்து உலர்த்திக் கண்ணாடிக் குழாய்களில் அடைத்து, வளர்ப்புச் சேகரங்களிலே எண்ணிட்டுக் காப்பர். இலண்டனிலுள்ள தேசிய மாதிரி வளர்ப்புச் சேகரம் 1920 ஆம் ஆண்டிலும், அமெரிக்க மாதிரி வளர்ப்புச் சேகரம் 1925 ஆம் ஆண்டிலும் தோன்றின. இன்று புதிய இனமொன்றுக்குப் பெயரிடுவார், அதன் மாதிரிக் குலவகையை இரு வேறு நாடுகளில் உள்ள இரு சேகரங்களிலேனும் ஒப்படைத்தல் வேண்டும். ஒரு சேகரத்தில் வளர்ப்பு மாசுற்றாலும், பெயர்ச்சீட்டு மாறினாலும், மற்றதைக் கொண்டு பிழையை உணர்தற்கு இது வழியாகும்.

மாதிரி என்னும் சொல் ஒரு மயக்கத்துக்கு இடந்தருவது. மாதிரிக் குலவகை தன் இனத்துள் மிகச் சிறந்ததோ, அதன் இயல்பையெல்லாம் நிறைவாய்க் காட்டுவதோ ஆகவேண்டியதில்லை. பசுவைக் கட்டும் முளை புல்வெளியின் நடுவே நிற்கவேண்டும் என்னும் நியதி உண்டா? ஓரத்தில் நிற்பினும் பசு அதனோடு கட்டுண்டதே. அதுபோலவே பெயர் மாதிரியோடு கட்டுண்டது. இனத்தின் எல்லையை ஆராய்ச்சி விரிக்கலாம், சுருக்கலாம். முளை நின்ற இடத்திலேயே நிற்கும்.

இதனின்று இரு விதிகள் பிறக்கின்றன. ஓர் இனம் இரண்டாகப் பிரிக்கப்படின், மாதிரிக் குலவகை எப்பகுதியில் அடங்குமோ அப்பகுதிக்கே பழைய பெயர் உரியது. மற்றைப் பகுதி வேறு பெயர் பெறும். இரண்டு இனங்கள் ஒன்றெனக் காணப்படின், முன்னர் முறைப்படி இடப்பட்ட பெயரே பொதுவாக நிலைபெறும். பின்னது முந்துரிமை விதி எனப்படும்.

முந்துரிமையை அளத்தற்குத் தொடக்க நாள் ஒன்று வேண்டும். தாவரப் பெயர்களுக்குப் போலவே பற்றீரியங்களுக்கும் லின்னேயஸ் நூல் வெளியிட்ட 1753 ஆம் ஆண்டே நெடுங்காலம் தொடக்கமாயிருந்தது. அதனால் ஒரு பெயர் செல்லுமா எனத் துணிதற்கு இருநூறு ஆண்டு நூல்களைத் துருவவேண்டியிருந்தது. பல பழம்பெயர்களுக்கு மாதிரிக் குலவகையே எஞ்சவில்லை. இவ்விடரை நீக்கும்பொருட்டு 1980 ஆம் ஆண்டு சனவரி 1 ஆம் திகதி புதிய தொடக்கமாகக் கொள்ளப்பட்டது. ஏற்கப்பட்ட பெயர்களின் பட்டியல் ஒன்றும் அவ்வாண்டில் வெளிவந்தது. அதில் இடம்பெறாத பழம்பெயர்கள் விதிக்கோவையின் முன் நிலையிழந்தன. விதிகளிடையே முரண் தோன்றின் அதனைத் தீர்த்தற்கென நீதிக்குழு ஒன்றும் உண்டு. அது வெளியிடும் முடிபுகள் எண்ணிட்ட தீர்ப்புரைகளாக அச்சாகின்றன.

முளை ஓரத்தில் நின்ற கதை

மாதிரிக் குலவகை தன் இனத்தின் பெரும்பான்மையோடு ஒவ்வாது நின்றால் யாது நிகழும் என்பதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு 'லக்ரோபசிலஸ் கசேயி' என்னும் பற்றீரியம். பால், பாற்கட்டி ஆகியவற்றோடு தொடர்புடையது இது. 'கசேயி' என்பது பாற்கட்டியைக் குறித்து வந்தது. தென்மார்க்கு நாட்டுப் பாற்பண்ணை விஞ்ஞானி ஒர்லா யென்சன் என்பார் 1916 ஆம் ஆண்டில் இவ்வினப்பெயரை இட்டார். 1971 ஆம் ஆண்டில் அமெரிக்கச் சேகரத்தின் 393 ஆம் எண் குலவகை அதன் மாதிரியாகக் குறிக்கப்பட்டது.

பின்னர்ப் பாரம்பரியப் பொருளாகிய டீ.என்.ஏ. யை ஒப்பிடும் முறை வந்தது. இரு குலவகைகளின் டீ.என்.ஏ. இழைகளைப் பிரித்து, ஒன்றன் இழை மற்றதன் இழையோடு எவ்வளவு பொருந்தி இணைகின்றது என அளப்பது இம்முறை. அதனைக் கொண்டு நோக்கியபோது வியப்பான உண்மை ஒன்று வெளிப்பட்டது. கசேயி என்னும் பெயரால் ஆய்வகங்களில் வழங்கிய குலவகைகளுட் பெரும்பாலானவை தம்முள் ஒத்திருந்தன. ஆனால் மாதிரியாகிய 393 ஆம் எண்ணோடு ஒத்தில. 1989 ஆம் ஆண்டில் கொலின்சு முதலாயினார் விதியைப் பின்பற்றி, மாதிரியோடு ஒவ்வாத பெரும்பான்மைக்கு 'லக்ரோபசிலஸ் பரகசேயி' என்னும் புதுப்பெயர் இட்டனர்.

இதனை வேறு அறிஞர் சிலர் ஏற்கவில்லை. பெரும்பான்மை கசேயி என்னும் பெயரிலேயே நிற்கட்டும், மாதிரியை மாற்றிவிடுவோம் என்பது அவர்தம் கருத்து. அமெரிக்கச் சேகரத்தின் 334 ஆம் எண் குலவகையை மாதிரியாக்கவேண்டும் என 1991 ஆம் ஆண்டில் விண்ணப்பித்தனர். அக்கோரிக்கை 1996 ஆம் ஆண்டில் மீண்டும் விரிவாக முன்வைக்கப்பட்டது. இதற்கிடையே ஒரே குலவகையைச் சிலர் கசேயி என்றும், சிலர் பரகசேயி என்றும் எழுதினர். ஒரு கட்டுரையிற் கூறப்பட்ட இயல்பு எவ்வினத்துக்கு உரியது என அறிய, வாசிப்போர் குலவகையின் எண்ணையே தேடவேண்டியதாயிற்று. பாற்பொருள்களின் உறைகளிலும் இம்மயக்கம் நிலவியது.

நீதிக்குழு 2008 ஆம் ஆண்டில் தன் 82 ஆம் தீர்ப்புரையை வெளியிட்டது. 393 ஆம் எண்ணே கசேயியின் மாதிரி. அதனை மாற்ற இடமில்லை. 334 ஆம் எண் பரகசேயியைச் சேர்ந்தது என்பது அதன் சாரம். பழக்கம் ஒருபுறமும் விதி ஒருபுறமும் நிற்க, விதியே வென்றது. பெரும்பான்மையோர் வழக்கு என்பதற்காக ஒரு முளையைப் பிடுங்கி வேறிடத்தில் நடின், நாளை எந்த முளையும் பிடுங்கப்படலாம். பெயர் மாற்றத்தால் ஆய்வாளர்க்கு விளைந்தது அசௌகரியமே. அவ்வசௌகரியத்தைப் பொறுத்துக்கொள்ளலாம் என்றே குழு கருதியது போலும். 2020 ஆம் ஆண்டில் லக்ரோபசிலஸ் என்னும் பெருஞ்சாதி பல சாதிகளாகப் பிரிக்கப்பட்டது. 23 புதிய சாதிகள் அப்போது தோன்றின. கசேயியும் பரகசேயியும் 'லக்ரிகசேயிபசிலஸ்' என்னும் சாதியுட் புகுந்தன. சாதிப்பெயர் மாறியபோதும் மாதிரிகள் மாறவில்லை. ஆகவே எப்பெயர் எதற்குரியது என்னும் ஐயம் அப்போது எழவில்லை.

ஊர்ப்பெயர் பூண்ட பற்றீரியங்கள்

சல்மனெல்லாவின் கதை இதனினும் சிக்கலானது. நெருப்புக்காய்ச்சலை விளைக்கும் பற்றீரியத்தை 1880 ஆம் ஆண்டில் ஏபர்த்து என்பார் கண்டார். 1884 ஆம் ஆண்டில் காப்கி என்பார் அதனைத் தூய வளர்ப்பாகப் பெற்றார். அது பிற்காலத்திற் 'சல்மனெல்லா தைபி' எனப்பட்டது. எலிகளில் நெருப்புக்காய்ச்சல் போன்ற நோயை உண்டாக்கிய பிறிதொன்றை 1892 ஆம் ஆண்டில் லோப்லர் விவரித்தார். அது 'தைபிமியூரியம்' எனப்பட்டது. இதனைச் சல்மனெல்லாச் சாதியுட் சேர்த்த ஆசிரியர்களாகக் குறிக்கப்படுவோர் கஸ்தெல்லானி, சால்மேர்சு என்னும் இருவர், ஆண்டு 1919. இவ்விருவரும் இலங்கையிற் பணியாற்றியவர்கள். அல்டோ கஸ்தெல்லானி 1903 ஆம் ஆண்டிற் கொழும்புக்கு வந்து பற்றீரியவியல் ஆய்வு நடத்தியவர். நீர்ப்பாயத்திலுள்ள பிறபொருளெதிரிகளை ஒவ்வொன்றாக உறிஞ்சி நீக்கிச் சோதிக்கும் முறையை 1902 ஆம் ஆண்டில் வெளியிட்டவரும் அவரே. சல்மனெல்லாப் பாகுபாட்டின் அடித்தளமாய் அமைந்தது அம்முறை.

அப்பாகுபாடு வருமாறு. சல்மனெல்லாவின் உடற்பரப்பிலும், அது நீந்துதற்குரிய சவுக்குமுளைகளிலும் பிறபொருளெதிரியாக்கிகள் உள்ளன. உரிய பிறபொருளெதிரி கொண்ட நீர்ப்பாயத்தோடு கலந்தால் பற்றீரியங்கள் ஒருங்கொட்டும். எந்நீர்ப்பாயத்தோடு ஒருங்கொட்டின, எதனோடு ஒருங்கொட்டவில்லை என்பதைக் கொண்டு ஒவ்வொன்றுக்கும் ஒரு சூத்திரம் எழுதலாம். இங்கிலாந்தில் வைற்று என்பாரும், கோப்பன்கேகனில் காப்மன் என்பாரும் வளர்த்த இம்முறை 1934 ஆம் ஆண்டில் ஒழுங்குபடுத்தி வெளியிடப்பட்டது. புதிய சூத்திரம் ஒவ்வொன்றும் புதிய இனமாகவே எண்ணப்பட்டது. பெயரிடுதற்கு நோய்கள் போதாமையால், முதன்முதற் பெறப்பட்ட ஊரின் பெயரையே இடும் வழக்கம் வேரூன்றிற்று. இலண்டன், டப்ளின், பனாமா, கைடல்பேர்க்கு, மொன்தெவிதேயோ எனப் பட்டியல் நீண்டது. யாழ்ப்பாணத்தின் ஆங்கிலப்பெயர் தாங்கிய 'ஜஃப்னா' என்பதும் அப்பட்டியலில் உண்டு.

ஜஃப்னாவையும் தைபியையும் ஒப்பிட்டு நோக்கின் இப்பாகுபாட்டின் இயல்பு தெளிவாகும். இரண்டும் உடற்பரப்பில் 9, 12 என எண்ணிட்ட எதிரியாக்கிகளை உடையன. இரண்டன் சவுக்குமுளைகளும் 'டி' என்னும் எதிரியாக்கியைத் தாங்குவன. எனினும் ஜஃப்னாவின் சவுக்குமுளை வேறொரு நிலைக்கு மாறி 'இசட் 35' என்பதையும் காட்டும். தைபிக்கு அவ்விரண்டாம் நிலை இல்லை. தைபியிடத்து 'வீ' எனப்படும் உறை எதிரியாக்கி காணப்படுவதுண்டு. ஜஃப்னாவின் சூத்திரத்தில் அஃதில்லை. இத்துணைச் சிறு வேறுபாட்டாற் பிரிவன இரண்டு தனி இனங்களாகுமா?

1973 ஆம் ஆண்டில் குரோசா முதலாயினார் டீ.என்.ஏ. ஒப்பீட்டால் இவ்வினாவுக்கு விடை கண்டனர். சல்மனெல்லா எனப்பட்டவை மிக நெருங்கிய ஒற்றுமையுடையன; அவற்றைப் பெரும்பாலும் ஓரினமாகவே கொள்ளவேண்டும் என்பது அவ்விடை. ஆயிரக்கணக்கான இனங்கள் ஒரே இனத்துள் ஒடுங்கின. முன்னர் இனம் எனப்பட்டவை 'நீர்ப்பாய வகை' என்னும் கீழ்நிலைக்கு இறங்கின. 2007 ஆம் ஆண்டில் வெளிவந்த பட்டியலில் அவற்றின் தொகை 2,579. இவற்றுள் 22 மட்டும் 'சல்மனெல்லா பொங்கோரி' என்னும் மற்றோர் இனத்தைச் சேர்ந்தவை. எஞ்சிய 2,557 உம் ஓரினத்தின.

அவ்வோரினத்துக்கு யாது பெயர்? இங்கேதான் இடர் பிறந்தது. சல்மனெல்லாச் சாதியின் மாதிரி இனமாக நின்றது கொலரேசூயிஸ். ஆகவே ஒன்றுபட்ட இனத்துக்கு அப்பெயரே வழங்கப்படலாயிற்று. ஆனால் கொலரேசூயிஸ் என்பது ஒரு நீர்ப்பாய வகையின் பெயருமாகும். அவ்வகை பன்றிகளுக்கு உரியதாயினும், மனிதரைப் பற்றின் குருதியிற் பரவிக் கொடிய நோயை விளைக்கவல்லது. வைத்தியர் கையிற் கிடைக்கும் ஆய்வகச் சீட்டில் 'சல்மனெல்லா கொலரேசூயிஸ்' என்றிருப்பின், அது 2,557 வகைகளையும் அடக்கிய பேரினத்தைக் குறிக்கின்றதா, கொடிய ஒரு வகையைக் குறிக்கின்றதா? ஒரு பெயர் இரு பொருள் பயந்து நின்றது.

இம்மயக்கத்தை நீக்கப் பாரிசு நகரத்துப் பாஸ்தர் நிறுவனத்தைச் சேர்ந்த லெ மினோர், பொப்போப் என்னும் இருவரும் 1987 ஆம் ஆண்டில் நீதிக்குழுவுக்கு விண்ணப்பித்தனர். எந்நீர்ப்பாய வகைக்கும் இடப்படாத 'என்டெரிக்கா' என்னும் சொல்லை இனப்பெயராகக் கொள்ளவேண்டும் என்பது அவர்தம் வேண்டுகோள். குடலோடு தொடர்புடையது என்பது அச்சொல்லின் பொருள். மாதிரியாக அவர் குறித்தது 'எல்.டி. 2' என்னும் குலவகை. தைபிமியூரிய வகையைச் சேர்ந்த அக்குலவகை உலகெங்கும் மரபியல் ஆய்வகங்களிற் பயிலப்பட்டது. பற்றீரியத்தைத் தாக்கும் வைரசு, ஒன்றன் மரபுப்பொருளை மற்றொன்றுக்குக் கொண்டுசெல்லும் என்னும் உண்மையைச் சிந்தர், லெதர்பேர்க்கு என்போர் 1952 ஆம் ஆண்டில் வெளியிட்டதும் தைபிமியூரியக் குலவகைகளைக் கொண்டே.

குழு அவ்விண்ணப்பத்தை உடனே ஏற்கவில்லை. அதன் தயக்கத்துக்குக் காரணம் தைபி. நெருப்புக்காய்ச்சற் பற்றீரியத்தின் பெயர் 'சல்மனெல்லா என்டெரிக்கா, துணையினம் என்டெரிக்கா, நீர்ப்பாய வகை தைபி' என நீளுமாயின், இறுதிச்சொல்லை விட்டு எழுதுவாரும் உளர், காணாது கடப்பாரும் உளர். உணவு நஞ்சாதலால் வந்த வயிற்றுப்போக்கெனக் கருதி நெருப்புக்காய்ச்சலைப் புறக்கணிப்பின் நோயாளியின் நிலை என்னாகும்? திருத்திய விண்ணப்பம் வரும்வரை கொலரேசூயிஸே நிற்குமாயிற்று. அதன் பயனாகப் பல ஆண்டுகள் இரட்டை வழக்கு நிலவியது. விதிப்படி செல்வது ஒரு பெயர். ஆய்வகங்களிலும் நூல்களிலும் பரவியது வேறொரு பெயர். 1999 ஆம் ஆண்டிற் பிரான்சு நாட்டு அறிஞர் யூசேபி, தைபிக்கு விலக்களிக்கும் திருத்தத்தோடு மீண்டும் விண்ணப்பித்தார். இறுதியாக 2005 ஆம் ஆண்டில் வெளிவந்த 80 ஆம் தீர்ப்புரையால், சல்மனெல்லாவின் மாதிரி இனம் என்டெரிக்கா என்றும், அதன் மாதிரிக் குலவகை எல்.டி. 2 என்றும் துணியப்பட்டது. அவ்வினத்துக்கு உரியனவாகக் கூடிய முந்திய பெயர்கள் யாவற்றினும் என்டெரிக்கா என்பதே மேலானதாகக் காக்கப்படும் எனவும் குழு விதித்தது. முந்துரிமை விதி இங்கே தெளிவின்பொருட்டு வழிவிட்டது.

விதியும் உயிரும்

கசேயிக்கு வளையாத விதி சல்மனெல்லாவுக்கு வளைந்தது யாங்ஙனம் என வினவலாம். விடையை விதிக்கோவையிலேயே காணலாம். ஒரு பெயரை வழங்குதலால் உயிருக்கோ உடல்நலத்துக்கோ கேடு விளையக்கூடுமாயின், அது 'ஆபத்தான பெயர்' எனப்படும். அத்தகைய பெயரை முறைப்படி செல்வதாயினும் தள்ளிவிடலாம் என அக்கோவை இடந்தருகின்றது.

இவ்வேற்பாட்டின் தேவையைப் பிளேக்குக் கொள்ளைநோயின் பற்றீரியம் போலத் தெளிவாய் உணர்த்துவது பிறிதில்லை. 1894 ஆம் ஆண்டில் கொங்கொங்கு நகரிலே யெர்சின் கண்டறிந்த அப்பற்றீரியம் 'யெர்சினியா பெஸ்திஸ்' எனப்படும். அதன் நெருங்கிய உறவாகிய 'யெர்சினியா சூடோதுபர்க்குலோசிஸ்' மனிதர்க்குப் பெரும்பாலும் கடுமை குறைந்த குடல்நோயையே தருவது. டீ.என்.ஏ. ஒப்பீட்டில் இரண்டும் ஓரினமே எனக் காணப்பட்டது. பின்னதன் பெயரே காலத்தால் முந்தியதாதலின், பிளேக்குப் பற்றீரியம் அதன் துணையினமாகி அப்பெயரைச் சுமக்கவேண்டியதாயிற்று. பாகுபாட்டு நோக்கில் அது குற்றமற்ற முடிபே. ஆயினும் துணையினத்தின் பெயர் விடுபட்ட சீட்டொன்று, பிளேக்கை எளிய குடல்நோயெனக் காட்டிவிடும். நோயாளியோடு அவரைப் பேணுவோரும் ஆய்வகத்தில் வளர்ப்பைக் கையாள்வோரும் அதனால் இடருறுவர். 1985 ஆம் ஆண்டில் 60 ஆம் தீர்ப்புரை, அத்துணையினப் பெயரைத் தள்ளி யெர்சினியா பெஸ்திஸ் என்னும் பழம்பெயரையே காத்தது.

மூன்று தீர்ப்புரைகளையும் ஒருங்குவைத்து நோக்கின் ஒரு நெறி புலப்படும். பழக்கம் ஒன்றே விதிக்கு எதிர்நின்ற கசேயியிடத்து விதி உறுதியாய் நின்றது. ஒரு பெயர் இரு பொருள் பயந்து மருத்துவ வழக்கையே மயக்கிய சல்மனெல்லாவிடத்து அது விட்டுக்கொடுத்தது. உயிரிடர் வெளிப்படையாயிருந்த பிளேக்கிடத்துப் பாகுபாட்டின் உண்மையையும் பெயரின் நலத்தையும் வெவ்வேறாக வைத்துப் பின்னதைக் காத்தது. ஓரினம் என்பது ஆராய்ச்சியின் முடிபு. அதனை வாக்கெடுப்பால் மாற்றமுடியாது. பெயரோ மக்கள் தம்முட் செய்துகொண்ட உடன்படிக்கை. நலங்கருதி அதனைத் திருத்தலாம். இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வதே பெயர்க்குழப்பங்கள் பலவற்றுக்கும் வித்து.

இன்றைய வழக்கு

சல்மனெல்லாவைப் பற்றி எழுதும் முறை இன்று ஓரளவு ஒழுங்குபட்டுவிட்டது. சாதிப்பெயரும் இனப்பெயரும் சாய்வெழுத்தில் அமையும். நீர்ப்பாய வகையின் பெயர் நேரெழுத்தில், ஆங்கில வரிவடிவிற் பெரிய எழுத்தோடு தொடங்கும். முழுப்பெயரை ஒருமுறை எழுதியபின், இனப்பெயரை விடுத்துச் சாதிப்பெயரோடு வகைப்பெயரை மட்டும் சேர்த்தெழுதலாம். விடப்படுவது இனப்பெயரேயன்றி வகைப்பெயர் அன்று என்பது கருதத்தக்கது. தைபி என்னும் சொல் வைத்தியர் கண்ணிற் படவேண்டும் என்னும் பழைய கவலைக்கு இவ்வழக்கு அமைதி கூறுகின்றது. ஜஃப்னாவும் இனமென்னும் நிலையை இழந்து நீர்ப்பாய வகையாய்ப் பட்டியலில் நிலைத்திருக்கின்றது.

மாதிரி பற்றிய வினா இத்தோடு முடிந்துவிடவில்லை. மண்ணிலும் கடலிலும் வாழும் பற்றீரியங்களுட் பெரும்பாலானவற்றை இன்றும் ஆய்வகத்தில் வளர்க்க இயலவில்லை; அவற்றின் டீ.என்.ஏ. வரிசையை மட்டும் படித்தறிய முடிகின்றது. வளர்ப்பு இல்லாதவிடத்து மாதிரிக் குலவகை ஏது? அவ்வரிசையையே மாதிரியாகக் கொள்ளலாம் என்னும் முன்மொழிவு 2020 ஆம் ஆண்டில் விதிக்கோவைக்குப் பொறுப்பானோரால் ஏற்கப்படவில்லை. அதன்மேல் வேறு அறிஞர் கூடி, வரிசைகளை மாதிரியாகக் கொள்ளும் தனிக்கோவை ஒன்றை 2022 ஆம் ஆண்டில் வெளியிட்டனர். இரு கோவைகள் அருகருகே வழங்குமிடத்து ஒரு பொருளுக்கு இரு பெயர் தோன்றாது காத்தல் இரு சாராருக்கும் கடனாகின்றது.

விஞ்ஞானம் பயிலும் மாணவர் இப்பெயர்களை உருப்போடுவதிலேயே அமைந்துவிடுகின்றனர். நூலொன்றிற் கண்ட பெயர் வேறொரு நூலில் மாறியிருப்பின், ஒன்று பிழையென்று உடனே துணிதல் ஆகாது. அப்பெயர் எந்த ஆண்டின் வழக்கு, எந்த மாதிரியைச் சுட்டுகின்றது, எந்தத் தீர்ப்புரையால் மாறிற்று என வினவுதல் வேண்டும். கட்டுரை எழுதுவோரும் தாம் ஆராய்ந்த குலவகையின் எண்ணையும், அது பெறப்பட்ட சேகரத்தையும் தவறாது குறித்தல் நன்று. பெயர் மாறினும் அவ்வெண்ணைப் பற்றிக்கொண்டு பின்வருவோர் பொருளைச் சென்றடைவர்.